வலது விலாவின் கீழே ஒரு வலி: எந்த ஸ்கேன் முதலில்?

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் காலைப் பேருந்தில் ஸ்கேன் கவர் வைத்திருப்பவர்களைச் சட்டென்று கண்டுபிடித்துவிடலாம். மடியில் வைத்தால் முட்டியைத் தாண்டி நீளும். கொண்டை ஊசி வளைவில் பேருந்து சாயும்போது வழுக்கிக் கீழே விழப் பார்க்கும். கிளியூர்ப் பக்கத்துக் காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கும் ஓர் அம்மா, ஐம்பதை ஒட்டிய வயது, அந்தக் கவரை ஒரு கையால் இறுக்கிக்கொண்டு மறு கையை வலது விலாவுக்குக் கீழே அழுத்திப் பிடித்திருக்கிறார். கண்ணின் வெள்ளையில் லேசான மஞ்சள். பக்கத்தில் மகன்.

“அன்னைக்கே ஸ்கேன் எடுத்தாச்சேடா. மறுபடி எதுக்கு?”

“இது வேற ஸ்கேனும்மா. அதுல தெரியாதது இதுல தெரியுமாம்.”

கவருக்குள் இருப்பது அல்ட்ராசவுண்ட் ரிப்போர்ட். பித்தப்பையில் கற்கள். பித்தநாளம் 9 மில்லிமீட்டர், இருக்க வேண்டியதைவிட அகலம். கடைசி வரிதான் அவர்களை இன்று மலையிறங்க வைத்திருக்கிறது: ‘நாளத்தின் கீழ்ப்பகுதியும் கணையமும் குடல் வாயுவால் தெரியவில்லை, எம்.ஆர்.சி.பி. செய்யவும்.’

இருபது வளைவுகள் இறங்கி, அடிவாரம் கடந்து, சேலம் ஊருக்குள் போக ஒரு மணி நேரத்துக்கும் மேல். திரும்பி வர அதே அளவு. பறிப்புக் காலத்தில் ஆள் ஒன்றுக்கு ஒரு நாள் கூலி போய்விடும். துணைக்கு வருபவருக்கும் சேர்த்து இரண்டு. அந்த அம்மா மகனிடம் கேட்ட கேள்வியைத்தான் இன்று தமிழ்நாட்டின் பாதி வீடுகள் ஸ்கேன் சென்டர் வாசலில் நின்று கேட்கின்றன. ஸ்கேன் என்ற ஒரே பெயரில் நாலைந்து விதமான கருவிகள் இருக்கின்றன. ஒன்று காட்டுவதை இன்னொன்று காட்டாது. எதை முதலில், எதை அடுத்து எடுப்பது என்ற வரிசை தவறினால் பணம் மட்டும் போவதில்லை; சில நோய்களில் குணமாகும் வாய்ப்பே போய்விடுகிறது.

ஒரே வாசலுக்கு வரும் இரண்டு குழாய்கள்

கல்லீரல் நாள்தோறும் ஏறக்குறைய முக்கால் லிட்டர் பித்தநீரைச் சுரக்கிறது. அது பித்தநாளம் வழியாக இறங்கிச் சிறுகுடலுக்கு வருகிறது. இரைப்பைக்குப் பின்னால் குறுக்காகப் படுத்திருக்கும் கணையம், சோற்றையும் கொழுப்பையும் செரிக்கும் நீரைத் தன் நாளம் வழியாக அனுப்புகிறது. பெரும்பாலானவர்களுக்கு இந்த இரண்டு நாளங்களும் சிறுகுடலுக்குள் நுழையும் இடத்தில் ஒன்று சேர்ந்துவிடும். சிக்கல் அந்தச் சந்திப்பில்தான். பித்தப்பையிலிருந்து நழுவிய பட்டாணி அளவுக் கல் அங்கே போய் உட்கார்ந்தால் மேலே பித்தம் தேங்கிக் காமாலை வரும். பக்கத்துக் கணையம் வீங்கி, முதுகு வரை துளைக்கும் வலி வரும். கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி வளர்ந்தாலும் அதே வாசல்தான் அடைபடும்.

ஆக, வெளியே தெரிவது ஒரே மஞ்சள். உள்ளே இருப்பது கல்லா, கட்டியா, நாளச் சுருக்கமா, வெறும் வீக்கமா என்று கண்ணால் சொல்ல முடியாது.

முதல் ஸ்கேன் எங்கே நின்றுவிடுகிறது

வயிற்றைத் திறக்காமல் ஒலி அலையால் உள்ளே பார்க்கலாம் என்பதைக் கிளாஸ்கோ நகரத்து மருத்துவர் இயன் டொனால்ட் 1958-இல் உலகுக்குக் காட்டினார். இன்று சிறு நகரங்களில்கூட அல்ட்ராசவுண்ட் இருக்கிறது. கதிர்வீச்சு கிடையாது, ஊசி கிடையாது, கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் பயமில்லை, செலவும் குறைவு. பித்தப்பைக்குள் இருக்கும் கல்லைப் பிடிப்பதில் இதை மிஞ்ச ஆளில்லை. சி.டி. ஸ்கேன்கூடப் பித்தப்பைக் கற்கள் சிலவற்றைத் தவறவிடும். கொழுப்பு மிகுந்த கற்கள் பித்தநீரின் அடர்த்தியிலேயே இருந்து மறைந்துகொள்ளும்.

ஆனால் பித்தப்பையை விட்டுக் கல் நாளத்துக்குள் இறங்கிவிட்டால் கதை மாறுகிறது. ஒலி அலைக்குக் காற்று பகை. நாளத்தின் கடைசிப் பகுதிக்கு முன்னால் குடலும் அதன் வாயுவும் நிற்கின்றன. உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு 2015-இல் தந்த கணக்கு இது: பித்தநாளத்தில் உண்மையிலேயே கல் இருக்கும் 100 பேரில் அல்ட்ராசவுண்ட் பிடிப்பது சுமார் 73 பேரை. மீதி 27 பேர் ‘நாளத்தில் கல் தெரியவில்லை’ என்ற ரிப்போர்ட்டுடன் வீட்டுக்குப் போவார்கள்.

‘கல் தெரியவில்லை’ என்று எழுதியிருப்பதை நம் மக்கள் ‘கல் இல்லை’ என்று படித்துக்கொள்கிறார்கள். நோயாளியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ரிப்போர்ட் ஆங்கிலத்தில் இருக்கிறது, கவுன்ட்டரில் கவரைக் கொடுப்பவருக்கு விளக்க நேரமில்லை. ஆனால் நாளம் விரிந்திருக்கிறது, ரத்தத்தில் காமாலையின் மஞ்சளைத் தரும் பிலிரூபின் ஏறியிருக்கிறது என்றால் அடைப்பு எங்கோ இருக்கிறது என்றே பொருள். அல்ட்ராசவுண்ட் அந்த அளவுக்குச் சொல்லிவிட்டாலே அதன் வேலை முடிந்தது. அதையே மூன்றாம் முறை, நான்காம் முறை வேறு வேறு சென்டரில் எடுப்பதால் வாயு விலகப் போவதில்லை.

சி.டி.க்கு உரிய இடம்

காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய சி.டி. கருவியில் முதல் நோயாளியின் தலை படமெடுக்கப்பட்டது 1971 அக்டோபரில், லண்டனின் விம்பிள்டன் பகுதி மருத்துவமனை ஒன்றில். 1979-இல் அதற்கு நோபல் பரிசு. கணையத்தைப் பொறுத்தவரை இன்றும் சி.டி.யை ஓரம்கட்ட முடியாது. வாயு அதற்குத் தடையில்லை. கணையத்தின் எந்தப் பகுதி வீங்கியிருக்கிறது, எது ரத்த ஓட்டம் இழந்து அழுகியிருக்கிறது, நீர் எங்கே கட்டியிருக்கிறது, கட்டி அருகிலுள்ள ரத்தக் குழாயைச் சுற்றிக்கொண்டதா என்பதையெல்லாம் நரம்பில் மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. தெளிவாகக் காட்டும்.

அதற்கு நேரம் பார்க்க வேண்டும். திடீர்க் கணைய அழற்சியில் வலி தொடங்கிய அன்றே சி.டி. எடுத்தால் பெரும்பாலும் பயன் குறைவு. அழுகிய பகுதி படத்தில் தெளிவாகத் தெரிய 72 மணி நேரம் வரை ஆகும். முதல் நாள் நோயை உறுதிசெய்ய வலியின் தன்மையும், ரத்தத்தில் கணைய நொதிகளான அமைலேஸ் அல்லது லைப்பேஸ் இயல்பைவிட மூன்று மடங்கு ஏறியிருப்பதுமே போதும். நோய் என்னவென்றே சந்தேகம் இருந்தால்தான் அன்றைக்கே சி.டி. அவசரத்தில் முதல் நாளே எடுத்து, ‘பெரிதாக ஒன்றுமில்லை’ என்று நிம்மதியாகி, நான்காம் நாள் நோயாளி மோசமானதும் மறுபடி எடுக்கும் குடும்பங்கள் எல்லா ஊரிலும் உண்டு.

கதிர்வீச்சையும் கணக்கில் வைக்க வேண்டும். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் மனிதருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு இயற்கையாகவே கிடைக்கிறது. ஒரு வயிற்று சி.டி. தருவது அதைப்போல் மூன்று நான்கு ஆண்டுகளுக்கானது. தேவைப்படும்போது பயந்து ஒதுங்க வேண்டிய அளவு இல்லை. ஆனால் கணைய நோயால் வாழ்நாள் முழுக்க ஸ்கேன் எடுக்கவேண்டிய இருபது வயதுப் பிள்ளைக்கு ஒவ்வொரு முறையும் சி.டி. என்றால் யோசிக்கத்தான் வேண்டும்.

நீரை மட்டும் வெளிச்சமாக்கும் படம்

எம்.ஆர்.சி.பி. என்பது எம்.ஆர்.ஐ. கருவியிலேயே வேறு முறையில் எடுக்கும் படம். அசையாமல் தேங்கி நிற்கும் நீர் மட்டும் பளீரென்று வெண்மையாகவும், சதையும் ஓடும் ரத்தமும் கறுப்பாகவும் தெரியும்படி கருவியைத் திருப்பி வைக்கிறார்கள். பித்தநீரும் கணையநீரும் கிட்டத்தட்ட அசையாத நீர்தான். அதனால் நரம்பில் மருந்து ஏற்றாமலே, கதிர்வீச்சு இல்லாமலே நாளங்கள் முழுவதும் திரையில் விரிகின்றன. 1991-இல் மருத்துவ இதழில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட முறை இது. முப்பது ஆண்டுகளில் இந்தத் துறையையே புரட்டிப் போட்டுவிட்டது.

படத்தை ஒருமுறை உற்றுப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். காப்பித் தோட்டத்தில் மிளகுக் கொடி ஏற்றும் கல்யாண முருங்கை இலையுதிர்ந்து நிற்பதுபோல், கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கிளைகள். மேலே கல்லீரலுக்குள் மெல்லிய கொப்புகள், நடுவே தண்டாக இறங்கும் பித்தநாளம், பக்கத்தில் தொங்கும் பித்தப்பை, இடப்பக்கத்திலிருந்து வந்து சேரும் கணைய நாளம். கல் இருந்தால் அந்த வெண்மைக்குள் கறுப்பாக ஒரு குழி. நாளம் சுருங்கியிருந்தால் தண்டு சட்டென்று கூம்பி அறுந்துபோகும். பித்தநாளம், கணைய நாளம் இரண்டும் ஒரே இடத்தில் விரிந்து ஒரே இடத்தில் முறிந்து நின்றால், கணையத் தலையில் கட்டி என்ற சந்தேகத்தை அனுபவமுள்ள ரேடியாலஜிஸ்ட் உடனே எழுப்பிவிடுவார்.

எண்ணிக்கையும் துணை நிற்கிறது. அதே 2015-இல் வந்த இன்னொரு காக்ரேன் தொகுப்பில், நாளக் கல் இருக்கும் 100 பேரில் எம்.ஆர்.சி.பி. சுமார் 93 பேரைக் கண்டுபிடிக்கிறது. கல் இல்லாத 100 பேரில் 96 பேருக்கு இல்லை என்று சரியாகச் சொல்கிறது. குறை இல்லாமலில்லை. 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த கற்கள் நழுவும். நாளத்துக்குள் புகுந்த காற்றுக் குமிழி கல்போலத் தெரியும். மூச்சை அடக்க முடியாதவர்களின் படம் கலங்கிவிடும். சுண்ணாம்பு படிந்த கணையக் கற்களை நேராகக் காட்டுவதில் எளிய எக்ஸ்ரேகூட இதைவிடத் தேவலை.

பெட்டிச் செய்தி: எம்.ஆர்.சி.பி.க்குப் போகும் முன்

நான்கு மணி நேரமாவது வெறும் வயிறு வேண்டும். காலை டீகூடக் கூடாது. சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கிவிடும், இரைப்பையில் நீர் சேர்ந்து படத்தை மறைக்கும். அந்த நீரின் வெண்மையை அடக்க, படம் எடுக்குமுன் அன்னாசிப் பழச்சாறு குடிக்கத் தரும் இடங்களும் உண்டு. அதிலுள்ள மாங்கனீசு நீரின் வெளிச்சத்தைக் குறைக்கும்.

கருவியின் காந்தம் பெரும்பாலும் 1.5 டெஸ்லா, பூமியின் காந்தப்புலத்தைப் போல் சுமார் முப்பதாயிரம் மடங்கு. தாலிச் சரடில் கோத்த ஊக்கு, மூக்குத்தி, மெட்டி, அரைஞாண் எதுவும் உள்ளே போகக் கூடாது. தாலியைக் கழற்ற மனம் ஒப்பாத பெண்கள் முன்கூட்டியே வீட்டில் பேசி, மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டு வருவது நல்லது. கடைசி நிமிடத்தில் அறை வாசலில் நின்று அழுபவர்கள் இருக்கிறார்கள்.

பேஸ்மேக்கர், காதுக்குள் வைத்த காக்ளியர் கருவி, மூளை ரத்தக் குழாயில் போட்ட கிளிப், கண்ணில் தெறித்த இரும்புத் துகள் இருந்தால் முதலிலேயே சொல்லியாக வேண்டும். பித்தப்பை அறுவையில் இப்போது போடும் டைட்டானியம் கிளிப்புகள் பெரும்பாலும் தடையில்லை.

உள்ளே இருக்கப்போவது இருபது முதல் நாற்பது நிமிடம். சத்தம் பலமாக இருக்கும், காதுக்கு அடைப்பு தருவார்கள். “மூச்சை இழுங்க... விடுங்க... அப்படியே நிறுத்துங்க” என்று மைக்கில் சொல்வார்கள். வீட்டில் பதினைந்து விநாடி மூச்சடக்கிப் பழகிவிட்டு வந்தாலே படம் நன்றாக வரும்.

குழாயைச் செலுத்தியே பார்த்த காலம்

எம்.ஆர்.சி.பி. வருவதற்கு முன் நாளத்தைத் தெளிவாகப் பார்க்க ஒரே நல்ல வழி, உள்ளே போவதுதான். வாஷிங்டனில் வில்லியம் மக்யூன் குழு 1968-இல் ஈ.ஆர்.சி.பி. முறையை அறிவித்தது. வாய் வழியாக எண்டோஸ்கோப்பைச் சிறுகுடல் வரை இறக்கி, அந்தக் குறுகிய வாசலில் மெல்லிய குழாயை நுழைத்து, மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். 1974-இல் ஜப்பானில் கவாய் குழுவும் ஜெர்மனியில் கிளாசன், டெம்லிங் இருவரும் வாசலைச் சற்று வெட்டிக் கல்லையே வெளியே எடுத்தார்கள். வயிற்றைக் கிழிக்காமல் கல்லை எடுக்கும் அந்தக் கைவண்ணம் இன்றும் லட்சக்கணக்கானவர்களைக் காப்பாற்றுகிறது. ஹைதராபாத்தில் நாகேஸ்வர ரெட்டி கட்டியெழுப்பிய ஆசிய இரைப்பைக் குடலியல் மருத்துவமனைக்கு வெளிநாட்டு மருத்துவர்களே இதைக் கற்க வருகிறார்கள்.

ஆனால் அந்த வாசலைத் தொடுவதற்கு ஒரு விலை உண்டு. ஈ.ஆர்.சி.பி. செய்துகொள்ளும் 100 பேரில் 3 முதல் 10 பேருக்குக் கணைய அழற்சி வருகிறது. பெரும்பாலும் சில நாளில் தணியும், சிலருக்கு ஐ.சி.யூ. வரை போகும், அரிதாக உயிர் போகும். வெட்டிய இடத்தில் ரத்தக் கசிவு, குடலில் ஓட்டை, கிருமித் தொற்று ஆகியவை தனி. கல்லை எடுப்பதற்காக இந்த ஆபத்தை ஏற்கலாம். கல் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக மட்டும் ஏற்பதில் நியாயமில்லை. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் 2002-இல் கூட்டிய வல்லுநர் மாநாடு இதைத்தான் சொன்னது: கல்லைக் கண்டறிவதில் எம்.ஆர்.சி.பி.யும் ஈ.ஆர்.சி.பி.யும் ஏறக்குறைய ஒப்பானவை, ஈ.ஆர்.சி.பி. சிகிச்சைக்கான வழியாக இருக்கட்டும்.

‘டயக்னாஸ்டிக் ஈ.ஆர்.சி.பி.’ என்று யாராவது எழுதித் தந்தால், ஸ்கேனில் தெரியாதது என்ன, இதில் என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்கும் உரிமை நோயாளிக்கு இருக்கிறது. கேட்டால் மருத்துவர் கோபித்துக்கொள்வாரோ என்ற தயக்கம் நம்மிடம் அதிகம். நல்ல மருத்துவர் அந்தக் கேள்வியை வரவேற்பார்.

இடையில் இன்னொன்றும் வந்திருக்கிறது. எண்டோஸ்கோப் நுனியிலேயே அல்ட்ராசவுண்ட் பொருத்தி, இரைப்பைக்குள்ளிருந்தே கணையத்தை நெருக்கமாகப் பார்க்கும் எண்டோ அல்ட்ராசவுண்ட். வாயுத் தடை அங்கே இல்லை. நாளக் கல்லை 100-க்கு 95 வரை பிடிக்கும், எம்.ஆர்.சி.பி. தவறவிடும் பொடிக் கல்லும், 2 சென்டிமீட்டருக்குக் குறைந்த கணையக் கட்டியும் இதில் சிக்கும். ஊசியால் சதை எடுத்துப் பரிசோதனைக்கும் அனுப்பலாம். மயக்க மருந்து வேண்டும், வாய் வழியே கருவி இறங்க வேண்டும், கை தேர்ந்த ஆள் வேண்டும். எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. எம்.ஆர்.சி.பி. சந்தேகத்தைத் தீர்க்காதபோது, அல்லது காந்த அறைக்குள் போக முடியாதவர்களுக்கு, இதுவே அடுத்த படி.

வரிசை குலைந்தால் என்ன ஆகும்

வலியே இல்லாமல் காமாலை ஏறுகிறது, உடம்பு இளைக்கிறது, வயது அறுபதை நெருங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கணையத் தலைக் கட்டியோ என்று அஞ்சவேண்டிய நிலை. இங்கே முதலில் வேண்டியது கணையத்துக்கென்றே மருந்து ஏற்றி இரண்டு கட்டமாக எடுக்கும் சி.டி. கட்டி ரத்தக் குழாயைத் தொட்டிருக்கிறதா, அறுவை செய்யலாமா என்று அந்தப் படம்தான் தீர்மானிக்கும். ஆனால் நடப்பது பல நேரம் வேறு. கண் மஞ்சளைப் பார்த்துக் குடும்பம் பதறுகிறது. அருகிலுள்ள ஓர் இடத்தில் அவசரமாக ஈ.ஆர்.சி.பி. செய்து, நாளத்தைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் குழாயை வைத்துவிடுகிறார்கள். மஞ்சள் இறங்குகிறது, எல்லோருக்கும் நிம்மதி. பிறகு பெரிய மருத்துவமனைக்குப் போய் சி.டி. எடுத்தால், ஸ்டென்டின் நிழலும் அதைச் சுற்றிய வீக்கமும் கட்டியின் எல்லையை மறைத்துவிடுகின்றன. ஸ்டென்டால் கணைய அழற்சி வந்திருந்தால் படம் இன்னும் குழம்பும், அறுவை தள்ளிப்போகும். அறுவைக்குத் தகுதியான கட்டம் என்ற கதவு கணையப் புற்றில் குறுகியது, வாரங்களில் மூடிக்கொள்ளும். படம் முதலில், ஸ்டென்ட் பிறகு என்பதைக் குடும்பத்தில் ஒருவராவது தெரிந்து வைத்திருந்தால் அந்தச் சில வாரங்கள் மிஞ்சும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. காமாலையோடு நடுக்கிப் போடும் காய்ச்சலும் வலியும் சேர்ந்தால் நாளத்துக்குள் சீழ் பிடிக்கிறது என்று பொருள். அப்போது எம்.ஆர்.சி.பி.க்குத் தேதி வாங்கிக் காத்திருக்கக் கூடாது. 108-ஐ அழைக்க வேண்டும். ஆன்டிபயாடிக் உடனே, அடைப்பை ஈ.ஆர்.சி.பி.யால் ஓரிரு நாளுக்குள் திறப்பது அடுத்து. அல்ட்ராசவுண்டிலேயே நாளக் கல் நேராகத் தெரிந்துவிட்டவர்களுக்கும் எம்.ஆர்.சி.பி. பெரும்பாலும் வீண் செலவு. அவர்கள் நேராகக் கல் எடுக்கப் போகலாம். நடுவில் நிற்பவர்களுக்கே எம்.ஆர்.சி.பி. உண்மையில் உதவுகிறது: நாளம் விரிந்திருக்கிறது, ரத்தம் சந்தேகம் சொல்கிறது, கல் மட்டும் கண்ணில் படவில்லை. பேருந்தில் வந்த அந்த அம்மா இந்த நடு வரிசையில்தான் இருக்கிறார்.

சேலமும் மரவள்ளியும் கணையக் கல்லும்

தென்னிந்தியாவில் அதிகம் காணப்படும் ஒரு கணைய நோயைச் சொல்லாமல் இந்தக் கட்டுரை முடியாது. மது தொடாத, பித்தப்பைக் கல் இல்லாத சிறு வயதினருக்குக் கணையத்துக்குள் கற்கள் உருவாகும். சிறு வயதில் விட்டுவிட்டு வயிற்றுவலி. சில ஆண்டுகளில் நீரிழிவு. கணையம் சுருங்கிக் கொழுப்பு செரிக்காமல் மலம் எண்ணெய்போல் மிதக்கும். இந்தோனேசியாவில் சூய்டெமா 1959-இல் இதை எழுதினார். கேரளத்தில் கீவர்கீஸ் நூற்றுக்கணக்கான நோயாளிகளைப் பார்த்து 1968-இல் தனி நூலே வெளியிட்டார். சென்னையின் நீரிழிவு மருத்துவர் வி. மோகன் 1980-கள் முதல் இதை ஆய்ந்து வருகிறார்.

காரணம் மரவள்ளிக் கிழங்கோ என்ற சந்தேகம் கேரளத்திலிருந்து கிளம்பியது. கிழங்கிலுள்ள சயனைடு சார்ந்த பொருள் கணையத்தைக் கெடுக்கிறது என்று 1979-இல் ஒரு கருத்து முன்வைக்கப்பட்டது. சேலம் மாவட்டம் குச்சிக்கிழங்கு எனும் மரவள்ளியிலும் ஜவ்வரிசியிலும் பிழைக்கும் பூமி. 1981-இல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவு நாடு முழுக்க அறிந்த பெயர். இங்கே அந்தச் செய்தி பலரைப் பயமுறுத்தியிருக்கிறது. பிறகு வந்த ஆய்வுகள் அதை உறுதிசெய்யவில்லை. மரவள்ளியே சாப்பிடாத ஊர்களிலும் நோய் இருக்கிறது. விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோதும் அதே நோய் வரவில்லை. ஸ்பிங்க்1 என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றம் பல நோயாளிகளிடம் தென்படுகிறது. வேகவைத்து நீர் வடித்த கிழங்கைக் கண்டு யாரும் பதற வேண்டாம்.

இந்த நோயில் கருவிகளின் பங்கு அழகாகப் பிரிகிறது. சுண்ணாம்பேறிய பெரிய கற்கள் சாதாரண வயிற்று எக்ஸ்ரேயிலேயே முதுகெலும்பின் இருபுறமும் வெள்ளையாகச் சிதறிக் கிடக்கும். சி.டி. அவற்றின் அளவையும் இடத்தையும் சொல்லும். நாளம் எங்கே சுருங்கி எங்கே விரிந்திருக்கிறது என்பதை எம்.ஆர்.சி.பி. சொல்லும். கல்லை அதிர்வலையால் உடைப்பதா, அறுவையால் நாளத்தைக் குடலோடு இணைப்பதா என்று முடிவெடுக்க இரண்டும் வேண்டும். பதினெட்டு வயதில் சர்க்கரை வந்த பையனுக்கு இன்சுலின் எழுதித் தருவதோடு நிறுத்தாமல், ஒரு எக்ஸ்ரேயோ அல்ட்ராசவுண்டோ எடுத்துக் கணையத்தைப் பார்க்கும் வழக்கம் நம் கிளினிக்குகளில் இன்னும் பரவ வேண்டும்.

கீழாநெல்லி குடித்த பிறகு எத்தனை நாள்?

காமாலை என்றதும் கீழாநெல்லியும் பத்தியமும் நினைவுக்கு வராத தமிழ் வீடு இல்லை. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக் கிராமங்களிலும் அப்படித்தான். அந்தச் செடிக்கு அறிவியல் மரியாதையும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன் குழு, நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பெர்குடன் சேர்ந்து, ஹெபடைட்டிஸ்-பி கிருமியைச் சுமப்பவர்களுக்குக் கீழாநெல்லி வகைச் செடியைக் கொடுத்துப் பார்த்த முடிவை 1988-இல் லான்செட் இதழ் வெளியிட்டது. பின்னர் வேறிடங்களில் நடந்த ஆய்வுகளில் அதே பலன் கிடைக்கவில்லை என்றாலும், பேச்சு கிருமிக் காமாலையைப் பற்றியதுதான். கிருமிக் காமாலையில் பெரும்பாலும் உடம்பே தேறிவிடும்.

கல் அடைத்த காமாலையை எந்தச் சாறும் திறக்காது. உடம்பெல்லாம் அரிப்பு, தேநீர் நிறத்தில் சிறுநீர், களிமண்போல் வெளிறிய மலம் மூன்றும் சேர்ந்தால் அடைப்பு என்று சந்தேகப்பட வேண்டும். பித்தம் குடலுக்கு வராவிட்டால் வைட்டமின் கே உடம்பில் சேராது, ரத்தம் உறையாது. சிறுநீரகமும் பாதிக்கப்படும். இந்த மூன்று அடையாளங்களில் எது தெரிந்தாலும் அன்றே ஓர் அல்ட்ராசவுண்டும் கல்லீரல் ரத்தப் பரிசோதனையும் வேண்டும். பத்தியத்தை விடவேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஸ்கேனைத் தள்ளிப்போடாமல் இருந்தால் போதும்.

பெட்டிச் செய்தி: செலவும் கோப்பும்

அரசு மருத்துவமனைகளின் சி.டி., எம்.ஆர்.ஐ. மையங்களைத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தனியாரைவிடக் குறைந்த கட்டணத்தில் நடத்துகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. சிகிச்சையோடு குறிப்பிட்ட சில பரிசோதனைகளும் அதில் அடங்கும். எம்.ஆர்.சி.பி. எழுதித் தரும்போதே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் அட்டையைக் காட்டிக் கேட்டுவிடுவது நல்லது.

ஃபிலிமோடு படங்கள் பதிந்த குறுந்தகட்டையோ, போனில் திறக்கும் லிங்க்கையோ கேட்டு வாங்க வேண்டும். நான்கைந்து படங்களை மட்டும் அச்சிட்ட ஃபிலிமை வைத்து இன்னொரு மருத்துவர் முடிவெடுக்க முடியாது; திரும்ப எடுக்கச் சொல்வார். பழைய ஸ்கேனைத் தூக்கிப் போடாதீர்கள். சென்ற ஆண்டு 6 மில்லிமீட்டராக இருந்த நாளம் இந்த ஆண்டு 9 ஆகியிருக்கிறது என்பது தனியே ஒரு தகவல்.

மலைக்கு மேலேயே முதல் ஸ்கேன்

எம்.ஆர்.ஐ. கருவியை ஒவ்வொரு மலையூரிலும் வைக்க முடியாது. அதற்குச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மாதிரி ஓரிடத்துக்கு வந்துதான் ஆக வேண்டும். ஆனால் மலையில் கையடக்கக் கருவியோடு வீடு வீடாகப் போய் அல்ட்ராசவுண்ட் எடுத்தால் என்ன? இங்கே சட்டம் குறுக்கே நிற்கிறது. நிற்பதற்கு நியாயமான காரணமும் இருக்கிறது. பெண் குழந்தைகளைக் காப்பாற்ற 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டது இதே சேலத்தில். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்க 1994-இல் மத்திய அரசு சட்டம் கொண்டுவந்தது. ஒவ்வொரு அல்ட்ராசவுண்ட் கருவியும் பதிவு செய்யப்பட்ட இடத்திலேயே இயங்க வேண்டும். இந்த மாவட்டத்தில் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தும்படி யாரும் கேட்க மாட்டார்கள், கேட்கவும் கூடாது.

கட்டுப்பாட்டுக்குள்ளேயே ஒரு வழி இருக்கிறது. 2012-இல் திருத்திய விதிகள் இரண்டு இடங்களில் கையடக்கக் கருவிக்கு அனுமதி தருகின்றன: பதிவான மருத்துவமனைக்குள் படுத்திருக்கும் நோயாளிகளுக்கு; பிற மருத்துவச் சேவைகளோடு சேர்ந்து இயங்கும், பதிவு பெற்ற நடமாடும் மருத்துவ வாகனத்தில். தகுதியுள்ள மருத்துவரும் பதிவேடும் கட்டாயம். ஆக, சேர்வராயன் மலைக்கென்று அப்படி ஒரு வாகனத்தைப் பதிவு செய்து, சந்தை நாளில் நிறுத்தி, வயிற்று ஸ்கேனும் ரத்த மாதிரியும் ஒரே நேரத்தில் எடுக்க முடியும். முடிவுகளைச் சேலத்துக்கு அனுப்பினால் அங்குள்ள மருத்துவர் மூன்றில் ஒன்றைச் சொல்லிவிடலாம்: வீட்டிலேயே மருந்து, எம்.ஆர்.சி.பி.க்குத் தேதி, இல்லையேல் நேராகக் கல் எடுக்க அனுமதி. எம்.ஆர்.சி.பி. காலை ஏழு மணிக்கு என்றால், முந்தின மாலைப் பேருந்தில் இறங்கித் தங்க இடமும், ரிப்போர்ட் மதியமே கையில் கிடைக்கும் ஏற்பாடும் வேண்டும். காப்பிப் பறிப்பு நவம்பரில் தொடங்கும். வாகனத்தின் பதிவு வேலையை மழைக்கால மாதங்களிலேயே முடித்துவிட்டால் அந்தப் பருவத்துக்குள் முதல் சந்தையில் அது நிற்கும்.